தொன்மை வாகனங்களுக்கான புகைச் சோதனை விலக்கு

தொன்மை வாகனங்களுக்கான புகைச் சோதனை விலக்கு என்பது, நெடுங்காலத்துக்கு முன் தயாரிக்கப்பட்டு இன்றும் ஓடும் நிலையில் பேணப்படும் மகிழுந்துகளுக்கும் விசையுந்துகளுக்கும், புகை வரம்பு, வயது வரம்பு, கட்டாயக் கழிவு ஆகியவற்றிலிருந்து சட்டத்தின் வழியாக அளிக்கப்படும் முழுமையான அல்லது பகுதியான தளர்வு ஆகும். இத்தளர்வை வேண்டி வாகன உரிமையாளர்களும் அவர்களது சங்கங்களும் பல நாடுகளில் சட்டமன்றங்களையும் அமைச்சகங்களையும் அணுகி வந்துள்ளனர். இந்தியாவில் இக்கோரிக்கை, 2021 சூலையில் நடுவண் அரசு வெளியிட்ட தொன்மை வாகனப் பதிவு விதிகளில் வடிவம் பெற்றது. அவ்விதிகள், வாகனம் எவ்வளவு புகை விடுகிறது என்பதைக் காட்டிலும், அது எதற்காகச் சாலைக்கு வரலாம் என்பதையே முதன்மையாக வரையறுக்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், இதைச் சுற்றி எழும் வாதங்களில் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

சொல்லும் வரையறையும்

பழைய வாகனங்களைக் குறிக்க ஆர்வலர்களிடையே பல சொற்கள் வழங்குகின்றன. அவர்களது மரபில் 1919 முதல் 1930 வரை தயாரிக்கப்பட்டவை மட்டுமே வின்டேஜ் எனப்படும். அதற்கு முந்தியவை வெட்டரன், பிந்தியவை கிளாசிக் என்பது பொதுவான வழக்கு. பேச்சு வழக்கில் இவை யாவும் வின்டேஜ் கார்களே. சட்டம் இவ்விரண்டையும் பின்பற்றுவதில்லை. அது ஆண்டுகளை மட்டும் எண்ணுகிறது.

1966ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தொன்மை வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு பழமையுடையதாய், வரலாற்று நோக்கில் சரியான நிலையில் பேணப்படுவதாய், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாய் உள்ள வாகனத்தைத் தொன்மை வாகனம் எனக் கொள்கிறது. இந்திய விதியோ, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்கிறது. இவ்விரு வரையறைகளுக்கும் இடையிலான 20 ஆண்டுகளில்தான் இந்தியாவின் பெரும்பாலான பழைய வாகனங்கள் நிற்கின்றன. இக்கட்டுரையில் 'தொன்மை வாகனம்' என்பது சட்டத்தின் பொருளிலும், 'பழைய வாகனம்' என்பது பொதுப்பொருளிலும் ஆளப்படுகின்றன.

பழைய எந்திரம் ஏன் மிகுதியாகப் புகைக்கிறது

இன்றைய பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளின் அளவை மின்னணுக் கட்டுப்பாட்டகம் நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. வெளியேறும் வளிமத்தில் எவ்வளவு ஆக்சிசன் மீந்துள்ளது என்பதை ஓர் உணரி அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோல் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். அதன்பின் எஞ்சும் நச்சு வளிமங்களை வினையூக்கி மாற்றி சிதைக்கிறது. பழைய எந்திரத்தில் இவை எதுவும் கிடையாது. கார்புரேட்டர் என்னும் கருவி காற்றின் உறிஞ்சு விசையைக் கொண்டே பெட்ரோலைக் கலந்து அனுப்பும். எந்திரம் தடங்கலின்றி ஓடவேண்டும் என்பதற்காகக் கலவை சற்றுச் செறிவாகவே வைக்கப்படும். செறிவான கலவையில் எரிவதற்குப் போதிய ஆக்சிசன் இராது. ஆகவே கார்பன் மோனாக்சைடு மிகும்.

புகைக்குழாய் மட்டுமே வாயிலன்று. உந்துருளை வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கும் வளிமங்களைப் பல பழைய எந்திரங்கள் ஒரு குழாயின் வழியே நேராக வெளியில் விட்டுவிடும். பெட்ரோல் தொட்டியிலிருந்தும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலிருந்தும் ஆவி கசியும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும், மதுரை போன்ற வெப்பமான ஊரில், இக்கசிவு தொடரும். சோதனை நிலையத்தில் இவற்றை யாரும் அளப்பதில்லை.

இந்தியாவில் பெட்ரோல் வாகனங்களுக்கு 1991ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகத் தயாரிப்பு நிலைப் புகை வரம்பு நடைமுறைக்கு வந்தது. மகிழுந்தின் எடையைப் பொறுத்து, கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6இல் இவ்வரம்பு 1 கிராம். சோதிக்கும் முறைகள் இடையில் மாறியுள்ளமையால் இவ்வெண்களை அப்படியே ஒப்பிடுவது முற்றிலும் சரியன்று. ஆயினும் வேறுபாட்டின் பருமனை உணர இவை போதும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 27.1 கிராம் வெளியிடும் பழைய கார் ஒன்று ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் ஓடினால், அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 13.5 கிலோகிராம். புதிய கார் ஒன்று வரம்பின் விளிம்பில் நின்று ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 12 கிலோகிராம். இரண்டும் ஏறத்தாழச் சமம். அதே பழைய கார் நாள்தோறும் அலுவலகம் சென்று வந்து ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டரை எட்டினால் 325 கிலோகிராமாகிவிடும். பழைய வாகன உரிமையாளர்களின் வாதம் முதற் கணக்கையும், அவர்களை எதிர்ப்போரின் வாதம் இறுதிக் கணக்கையும் சார்ந்து நிற்கின்றன. இருவரும் ஒரே வண்டியைப் பற்றித்தான் பேசுகின்றனர். ஓடும் தூரத்தைப் பற்றிய ஊகம்தான் வேறு.

புகைச் சான்றிதழ்

1989ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் 115ஆம் விதி புகை வரம்புகளைக் கூறுகிறது. முதற்பதிவிலிருந்து ஓராண்டு கடந்த வாகனம் ஒவ்வொன்றும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழை வைத்திருத்தல் வேண்டும். சாலையோரப் பெயர்ப்பலகைகளில் 'எமிஷன் டெஸ்ட்' என்று எழுதப்பட்டிருப்பது இதுவே. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. பழைய வாகனத்துக்கான தளர்வு இவ்விதியின் அட்டவணைக்குள்ளேயே ஓரளவு அமைந்துள்ளது. வெறும் ஓட்டத்தில், அதாவது வண்டி நகராமல் எந்திரம் மட்டும் ஓடும்போது, பாரத் நிலை 2க்கு முந்திய நான்கு சக்கரப் பெட்ரோல் வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரையும், ஐதரோகார்பன் பத்து இலட்சத்தில் 1,500 பங்கு வரையும் அனுமதி உண்டு. பாரத் நிலை 2, 3 வாகனங்களுக்கு இவை முறையே 0.5 விழுக்காடு, 750 பங்கு. 2000 மார்ச் 31க்கு முன் தயாரான இரு சக்கர வாகனங்களுக்கு 4.5 விழுக்காடும் 9,000 பங்கும் என இன்னும் தளர்வான வரம்பு உள்ளது. ஆகவே 1960களின் கார் ஒன்று புதிய காருக்குரிய அளவுகோலால் அளக்கப்படுகிறது என்னும் குறை சரியன்று.

இச்சோதனையின் பயன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. கார்புரேட்டரின் வெறும் ஓட்டத் திருகைச் சற்றே உள்ளே திருகினால் கலவை மெலியும். கருவி காட்டும் எண் குறையும். சான்றிதழ் கைக்கு வந்தபின் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவர ஒரு நிமிடம் போதும். பட்டறைக்காரர் எவரும் அறிந்த வித்தைதான் இது. சாலையில் சுமையுடன் ஓடும்போது வரும் புகையையோ நைட்ரசன் ஆக்சைடுகளையோ இச்சோதனை காட்டாது.

தில்லியில் வந்த தடை

விலக்குக் கோரிக்கைக்கு வேகம் தந்தது புகைச் சான்றிதழன்று, வயதுத் தடையே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பர் 26 அன்று, 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்கள் தில்லிச் சாலைகளில் ஓடவோ பொது இடங்களில் நிறுத்தப்படவோ கூடாதென ஆணையிட்டது. 2015 ஏப்ரலில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் தடை வந்தது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இத்தடைகளை உறுதி செய்தது. வயதை மட்டும் எண்ணும் ஆணைக்கு, கரும்புகை கக்கும் 16 ஆண்டு வாடகைக் காரும், ஆண்டுக்கு ஒருமுறை அணிவகுப்புக்கு வரும் 1930களின் ரோல்ஸ் ராய்சும் ஒன்றே. தில்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பெயரில் தொன்மைக் கார் அணிவகுப்பு நடந்து வந்துள்ளதை நினைத்தால், ஆர்வலர்கள் கலங்கியதன் காரணம் புரியும்.

தில்லியின் கதை பின்னரும் பலமுறை திரும்பியது. 2025 சூலை 1 முதல் வயது கடந்த வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் முயற்சி தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. திசம்பரில் அப்பாதுகாப்பைப் பாரத் நிலை 4உம் அதற்கு மேற்பட்டவையுமான வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தமிழ்நாட்டில் தனியார் வாகனங்களுக்கு இத்தகைய பொதுவான வயதுத் தடை இல்லை. இங்கு 15 ஆண்டுகள் முடிந்தபின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் பசுமை வரி செலுத்தவும் வேண்டும்.

2021ஆம் ஆண்டு விதிகள்

2021 பிப்ரவரி 1 அன்று வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் (இவர் மதுரையில் பிறந்தவர்) விருப்பத்தின்பேரிலான வாகனக் கழிவுக் கொள்கையை அறிவித்தார். மார்ச் 18 அன்று அமைச்சர் நிதின் கட்கரி அதன் விவரங்களை மக்களவையில் வெளியிட்டார். பழைய வாகனங்களைக் கழித்துவிட ஊக்கப்படுத்தும் கொள்கை ஒருபுறம் வர, பேணத்தக்கவற்றை அதிலிருந்து பிரித்தெடுக்கும் விதி மறுபுறம் தேவைப்பட்டது. அதற்கான வரைவு 2020 நவம்பரிலேயே வெளியாகியிருந்தது. இறுதி விதிகள் 2021 சூலை 15 அன்று அறிவிக்கப்பட்டு, நடுவண் மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான விதிகளாகச் சேர்ந்தன.

இவற்றின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர வாகனமோ மகிழுந்தோ முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றமின்றி மூல வடிவில் இருந்தால், தொன்மை வாகனமாகப் பதிவு பெறலாம். மாநிலம் அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத் தகுதியைத் தீர்மானிக்கும். புதிதாகப் பதிவு பெறும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட எண் தரப்படும். முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இது சிறிய சலுகை போலத் தோன்றினும், சென்னை மாகாணக் காலத்து 'எம்' எழுத்தில் தொடங்கும் எண் பலகையைக் காரின் அழகில் பாதியாகக் கருதும் உரிமையாளர்களுக்குப் பெரிது. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

இதற்கு ஈடாக உரிமையாளர் விட்டுக்கொடுப்பது அன்றாட ஓட்டத்தை. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, தொன்மைக் கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்ப்பு, இவற்றுக்குச் சென்று திரும்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே வண்டி சாலைக்கு வரலாம். வாடகைக்கு விடுவதும் வழக்கமான பயணமும் கூடா. மேலே கண்ட 500 கிலோமீட்டர்க் கணக்கை விதியாக எழுதியது போன்றது இது. எனினும் கிலோமீட்டர் உச்சவரம்பென எதுவும் விதிக்கப்படவில்லை. வைகையின் வடகரையில் தல்லாகுளத்தில் வசிக்கும் ஒருவர் தம் 1970ஆம் ஆண்டு அம்பாசடரை ஞாயிறு காலையில் அழகர்கோயிலுக்கு ஓட்டிச் சென்றால், அது பழுதுபார்ப்புக்குப் பிந்திய சோதனை ஓட்டமா, சிற்றுலாவா என்பதைப் போக்குவரத்துக் காவலர் எவ்வாறு அறிவார்? இக்கேள்விக்கு விதியில் விடையில்லை.

யாரிடம் முறையிடுவது

ஃபிவாவின் இந்திய உறுப்பான இந்தியத் தொன்மை வாகனக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் இத்துறையில் உரிமையாளர்களின் குரலாகச் செயல்படுகின்றன. அவற்றின் முயற்சி நாடாளுமன்ற உறுப்பினர்களைக் காட்டிலும் அமைச்சகத்தையே நாடியதற்குச் சட்டத்தின் அமைப்பே காரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, வாகனங்களின் ஆயுளை அறிவிக்கையின் வழியே வரையறுக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, தொன்மைக் கார் அணிவகுப்பு ஆகிய நோக்கங்களுக்கு அவ்வரையறையிலிருந்து விலக்களிக்கவும் இடம் தருகிறது. அதாவது விலக்குக்கான கதவு 1988இலேயே வைக்கப்பட்டிருந்தது. திறக்க 33 ஆண்டுகள் ஆயின. 2021 விதிகளின் சொற்கள் இவ்வுட்பிரிவை அப்படியே எதிரொலிப்பது குறிப்பிடத்தக்கது.

புதிய சட்டம் இயற்றத் தேவையில்லாதபோது வாக்கெடுப்பும் இல்லை. வரைவு விதி அரசிதழில் வெளியாகும். பொதுமக்கள் கருத்தும் மறுப்பும் அனுப்பலாம். அமைச்சகம் அவற்றைப் பரிசீலித்து இறுதி விதியை வெளியிடும். பின்னர் அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படும். அந்த இடைக்காலத்தில் மடல் எழுதத் தெரிந்தவரின் கோரிக்கையே கோப்பில் ஏறும். அமைப்பாகத் திரண்ட சேகரிப்பாளர்களால் இது இயலும். அன்றாடம் தன் பழைய ராஜ்தூத்தை ஓட்டும் பால்காரர் அரசிதழைப் பார்ப்பதில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதே போராட்டம் சட்டமன்றத்திலேயே நிகழ்ந்தது. 30 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தானாக நகரும் விலக்கு அங்கு முன்னர் இருந்தது. 2004இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நகர்வை நிறுத்தி, 1975ஆம் ஆண்டு மாதிரிகளும் அதற்கு முந்தியவையும் மட்டுமே விலக்குப் பெறும் என உறைய வைத்தது. 2025இல் செனட்டர் சானன் குரோவ் கொண்டுவந்த 712ஆம் மசோதா, 35 ஆண்டு கடந்து சேகரிப்பாளர் காப்பீடு பெற்ற கார்களுக்கு விலக்கு வேண்டியது. தொலைக்காட்சிக் கலைஞரும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ அதற்கு ஆதரவாகச் சாட்சியமளித்தமையால் அது 'லெனோ சட்டம்' என்றே அறியப்பட்டது. மேலவையைக் கடந்த அம்மசோதா, 2025 ஆகஸ்ட் இறுதியில் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நிறுத்தப்பட்டது.

பிரித்தானியாவில் 2018 மே 20 முதல், 40 ஆண்டு கடந்து பெருமாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. செருமனியில் 30 ஆண்டு கடந்த வாகனம் வல்லுநர் மதிப்பீட்டுக்குப் பின் 'எச்' எழுத்து முடிவில் வரும் எண்ணைப் பெறலாம். நகரங்களின் தாழ்புகை மண்டலங்களுக்குள்ளும் அதனை ஓட்டலாம். இவ்விரு நாடுகளிலும் கோடு ஆண்டுதோறும் நகர்கிறது, இந்தியாவிலும் அப்படியே. இந்தியக் கோடு மிக உயரத்தில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

ஐம்பது ஆண்டுக் கோடு

2025ஆம் ஆண்டில் இக்கோடு 1975ஐத் தொட்டது. வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்குள் வந்துவிட்டது. 2014 வரை தயாரான அம்பாசடரில் பெரும்பகுதி வெளியில் நிற்கிறது. 1980இல் வெளிவந்து தமிழ்நாட்டுச் சிற்றூர்களையே மாற்றிய டிவிஎஸ் 50க்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். மாருதி 800க்கு 2033 வரை.

வெளியில் நிற்பவற்றுக்குச் செலவு கூடி வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய், விசையுந்துக்கு 2,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு 10,000 எனில் ஆண்டுக்கு 2,000. தொன்மைப் பதிவில் முதற் பத்தாண்டுக்கு 20,000 எனில் அதுவும் ஆண்டுக்கு 2,000தான். மறுபதிவில் அது 500ஆகக் குறைகிறது. 1978ஆம் ஆண்டுக் காரை வைத்திருப்பவர் 2028 வரை தாக்குப்பிடித்தால் கட்டணம் குறையும்; ஆனால் காரைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் உரிமை போய்விடும்.

மூல வடிவம் என்னும் நிபந்தனையும் எளியதன்று. பெட்ரோல் விலைக்கு அஞ்சிப் பலர் தங்கள் அம்பாசடரில் டீசல் எந்திரத்தைப் பொருத்திக்கொண்டனர். அவை 60 ஆண்டைக் கடந்தாலும் தொன்மை வாகனமாக ஏற்கப்படா. காரை நாட்டு மக்கள் உண்மையில் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு அந்த மாற்றமே சான்று என்று வாதிடலாம். புகைக் கணக்கிலோ அதற்கு இடம் தருவது கடினம்.

மதுரையும் மோட்டார் வரலாறும்

மதுரையின் மோட்டார் வரலாறு பெரும்பாலும் பேருந்தின் வரலாறு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் பேருந்துச் சேவையில் பிறந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடுந்தட்டுப்பாடு வந்தபோது, அந்நிறுவனம் கரியைக் குறைந்த காற்றில் எரித்து வளிமம் உண்டாக்கும் கலன்களைத் தயாரித்தது. அக்கலன்கள் பொருத்தப்பட்ட வண்டிகள் அவ்வளிமத்தைக் குடித்தே ஓடின. அதில் எரியும் முதன்மைப் பகுதி கார்பன் மோனாக்சைடே. இன்று சோதனைக் கருவி 3 விழுக்காட்டுக்கு மேல் கண்டால் சான்றிதழ் மறுக்கும் அதே நச்சு, அன்று எரிபொருளாக இருந்தது.

இவ்வரலாற்றைத் தாங்கும் வண்டிகளுக்கு 2021 விதிகளில் இடமில்லை. அவை இரு சக்கர வாகனங்களையும் சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகளையும் மட்டுமே ஏற்கின்றன. பேருந்து, சரக்குந்து, மூன்று சக்கர வண்டி ஆகியவை விலகி நிற்கின்றன. 1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது ஓடிய பேருந்து ஒன்று இன்று முழு உருவில் கிடைத்து, பழுதுநீக்கி ஓட வைக்கப்பட்டாலும், அதற்கு 'விஏ' எண் கிடைக்காது. தமுக்கம் மைதானத்தில் கண்காட்சி ஒன்று நடந்தால், தல்லாகுளத்து அம்பாசடர் தானே ஓடி வரலாம். அப்பேருந்தை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.